வீடு வாங்குமுன் வரி ரசீதைப் படியுங்கள்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க வருவாய்ப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினவர், எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இலக்கியம் பேச நம் தமிழ்த்துறை இருக்கிறது. அரசியல் பேச வெளியே ஆயிரம் மேடை இருக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்த சொத்து வரியைப் பற்றியே பேசுகிறேன். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருப்பதால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியம்தான்!

வீடு வாங்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? தாய்ப்பத்திரம் பார்க்கிறோம். பட்டா பார்க்கிறோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். போர் எத்தனை அடி, தண்ணி உப்பா நல்லதா என்று கேட்கிறோம். வாஸ்துக்காரரைக்கூட கூட்டிக்கொண்டு போகிறோம். வரி ரசீதை மட்டும், "கடைசி ரசீது இருக்குதுங்களா?" "இருக்குதுங்க" என்பதோடு விட்டுவிடுகிறோம். அந்த ரசீதை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "அறுபது லட்சத்துக்கு வீடு வாங்கினேன், அதற்குத் தகுந்த மாதிரி வீட்டு வரி ஏறிவிடுமா?" என்று பலர் கேட்பார்கள். ஏறாது. கிரய விலைக்கும் சொத்து வரிக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் நம் பழைய மாணவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அங்கே 1978-ல் கொண்டு வந்த சட்டத் திருத்தப்படி, வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை. அடிப்படை வரி அதில் ஒரு சதவீதம். கைமாறும் வரை அந்த மதிப்பை வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. நம் ஊரில் அந்த முறை இல்லை.

பத்திரப் பதிவுக்கு எடுத்துக்கொள்கிற வழிகாட்டி மதிப்பும் வேறு கணக்கு. 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதம் கட்டுகிறோம். அது ஒரே தடவை. வீட்டு வரி, வீடு இருக்கிற வரைக்கும் அரையாண்டுக்கு ஒரு தடவை.

சரி, எதை வைத்துத்தான் வரி போடுகிறார்கள்? 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வைத்த அளவுகோல், "இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக வருஷத்துக்கு என்ன கிடைக்கும்?" என்பது. அதற்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று பெயர். சென்னை மாநகராட்சி பல ஆண்டுகள் வைத்திருந்த கணக்கைச் சொன்னால் சுலபமாக விளங்கும். தெருவுக்கு இத்தனை என்று சதுரடி மதிப்பு உண்டு. உதாரணத்துக்கு இரண்டு ரூபாய், வீடு ஆயிரம் சதுரடி என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 2,000. சொந்தக் குடியிருப்புக்கு 25 சதவீதம் கழித்தால் 1,500. இதை 10.92-ஆல் பெருக்கினால் 16,380. இதுதான் ஆண்டு மதிப்பு. இதில் குறிப்பிட்ட சதவீதம்தான் வரி.

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம் இருக்க, இந்த 10.92 எங்கிருந்து வந்தது? பன்னிரண்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2, மனைக்கு. மீதி 10.8 கட்டடத்துக்கு. அதில் பழுது பார்க்கும் செலவுக்குப் பத்து சதவீதம் தள்ளினால் 9.72. மனையின் 1.2-ஐத் திரும்பச் சேர்த்தால் 10.92. காமர்ஸ் தம்பிகள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் பார்க்கிற விஷயங்கள் மாறவில்லை: எத்தனை சதுரடி, எந்தத் தெரு, ஓடா காங்கிரீட்டா, குடியிருப்பா கடையா, கட்டி எத்தனை வருஷம். இந்த ஐந்தும் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் ரசீதில் இருக்கும் தொகை சரி.

இங்கேதான் சிக்கல் வருகிறது. என் வேலைக் காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு ஒரு மாடி வீடு வாங்கினார். விற்றவர் கொடுத்த ரசீதுகள் எல்லாம் சுத்தம், ஒரு ரூபாய் பாக்கி இல்லை. பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்தார். பில் கலெக்டர் நேரில் போய்ப் பார்த்தார். பதிவேட்டில் இருந்தது 640 சதுரடி ஓட்டு வீடு. நின்றதோ கீழும் மேலுமாக 1,700 சதுரடி காங்கிரீட் வீடு, முன்பக்கம் வாடகைக்கு விட்ட இரண்டு கடை. ஓட்டைப் பிரித்து மாடி கட்டியவர் அலுவலகத்துக்குச் சொல்லவே இல்லை. கட்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டு வித்தியாசத் தொகைக்குக் கேட்பு வந்தது. விற்றவர் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்.

"நான் யாரையும் ஏமாத்தலையே சார், எனக்கு ஏன் இது?" என்று அந்த அம்மா கவுன்டருக்கு முன்னால் நின்று கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் வரி ஆளைப் பார்த்துப் போடுவதில்லை, கட்டடத்தைப் பார்த்துப் போடுவது. மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்ததில் இருந்து எடுத்துக் கட்டினார். அட்வான்ஸ் கொடுக்குமுன் ரசீதையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், அந்தத் தொகையை விலையிலேயே கழித்திருக்கலாம்.

இன்றைக்கு அந்த வித்தியாசம் இன்னும் பெரிசு. 2022 ஏப்ரலில் அறிவித்த சீராய்வில், சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சி, நகராட்சிகளில் 600 சதுரடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். பதிவேட்டில் சின்ன வீடாக இருப்பது அளந்தபிறகு பெரிய வீடானால், இரண்டு படி தாண்டிப் போய்விடும். செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்குள் கொலுசுப் பட்டறை இருக்கும், நாமக்கல்லில் வீட்டு முன்னால் லாரி உதிரி பாகக் கடை இருக்கும். உபயோகம் என்னவென்று பதிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

பழைய பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நிலவரிக்கு அடுத்தபடியாக, சொத்து வரி அந்தச் சொத்தின் மீதே முதல் பொறுப்பு என்று 1920 சட்டம் சொல்லியது. அதாவது கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம், பாக்கி இருப்பது தெரியாமல் ஏலத்தில் விலை கொடுத்து வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நியாயம் கிடைக்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம்மால் ஆகிற காரியமா? இன்னொன்று, இந்தப் பாக்கி வில்லங்கச் சான்றில் வராது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும்.

கிராம ஊராட்சியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி. கூரை, ஓடு, காங்கிரீட் என்று வகை பிரித்துப் போடுவார்கள், தொகை குறைவாக இருக்கும். ஆனால் ஊர் வளர்ந்து நகரத்தோடு சேர்ந்தால் கணக்கும் மாறும். சேலம் 1994-லும், நாமக்கல் 2024-லும் மாநகராட்சி ஆயின. சுற்று வட்டாரத்தில் வாங்குகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

முடிவாக, அட்வான்ஸ் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். ரசீதில் உள்ள வரிவிதிப்பு எண்ணைக் கொண்டு அலுவலகத்தில் அந்த வீட்டின் பதிவு விவரத்தைக் கேளுங்கள். டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பாருங்கள். சொத்து வரியோடு குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணப் பாக்கியும் கேளுங்கள். காலி மனையானால் காலி மனை வரி கட்டியிருக்கிறதா பாருங்கள். பத்திரம் முடிந்ததும் பெயர் மாற்றத்துக்கு உடனே மனு கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் விற்றவர், வாங்கியவர் இருவரும் தெரிவிக்க வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே இருந்தது. வரி அதிகம் என்று தோன்றினால், நோட்டீசில் சொன்ன நாளுக்குள் ஆணையரிடம் மனு கொடுங்கள். அதற்கு மேல் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. இன்னொன்றும் மறக்காதீர்கள்: வரி ரசீது உங்கள் பெயரில் வந்துவிட்டதால் மட்டும் வீடு உங்களுடையது என்று ஆகாது. உரிமைக்குப் பத்திரம்தான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் வீடு வாங்க இன்னும் வருஷங்கள் இருக்கலாம். ஆனால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை சதுரடி என்று போட்டிருக்கிறது, நீங்கள் படுத்துத் தூங்கும் மாடி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பாவிடம் சொல்லி இப்போதே சரி செய்யுங்கள். நாளைக்கு அந்த வீட்டை வாங்க வருகிறவரும் நம்மைப் போல ஒருவர்தான்.