பல்லைப் பிடுங்கியதோடு முடிந்துவிடவில்லை
(தோட்டக் கமிட்டி, மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வேலை நாளையும் பேசும் இந்த இடத்தில் இன்று பல்லைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

பல் வலித்தால் நாம் கராம்பு வைக்கிறோம், பெனடோல் போடுகிறோம். பொறுக்க முடியாத நாளில்தான் ஒரு பேரை இழந்து டவுனுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். வலி போனால் போதும் என்று இருந்துவிடுகிறோம். பிறகு ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத் தின்கிறோம். கடலையும் இறைச்சியும் தட்டை விட்டுப் போகின்றன. சிரிப்பு வந்தால் கை வாயை மூடுகிறது. வயது போனால் அப்படித்தான் என்கிறோம். அது சரியல்ல.

பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், தாடை எலும்பும் தேயும். ஆகவே பிடுங்கும் அன்றே "இதைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் அடுத்து என்ன செய்யலாம்?" என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பது நமது உரிமை.

மாற்றுப் பல்லுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். செலவு குறைவு, பழகச் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது, இரு பக்கப் பற்களையும் சீவி அவற்றின் மேல் ஒட்டும் பாலம். அந்தப் பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாவது, எலும்புக்குள் டைட்டேனியம் திருகு வைத்துக் கட்டும் பல். உறுதியானது, ஆனால் செலவு அதிகம், மாதக்கணக்கில் எடுக்கும். சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் அது தோற்றுப்போகும் வாய்ப்புக் கூட. விலை கூடியதுதான் எல்லோருக்கும் நல்லது என்றில்லை.

அரசாங்கப் பல் கிளினிக்கில் பல் பிடுங்கக் காசில்லை. பேராதனையிலும் கொழும்பிலும் உள்ள பல் போதனா வைத்தியசாலைகளில் மாற்றுப் பல் கட்டும் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போகக் கடிதம் தரும்படி கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள்.

பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். குத்தினால் நீங்களே அராவாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வாயில் வெள்ளைத் தழும்போ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் திறப்பது குறைந்தால், உடனே காட்டுங்கள். நம் நாட்டு ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று.

தோழர்களே, பல் செட் ஒரு நாளில் கட்டி முடிவதில்லை. அளவெடுக்க, பொருத்திப் பார்க்க என்று பல தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போனால் எந்தத் தாய் போவாள்? கிளினிக் துண்டு காட்டுகிறவரின் பேரை வெட்டக் கூடாது, நடமாடும் பல் கிளினிக் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் ஒவ்வொரு கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.