இல்லத்து வரவு செலவு



நாட்டிற்கு ஒரு வரவு செலவுத் திட்டம் உண்டு. ஆண்டுதோறும் அதனை நாடாளுமன்றத்தில் படிக்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் அதன் குறைநிறைகளைக் காரசாரமாகப் பேசுகிறோம். ஆனால், "உங்கள் இல்லத்திற்கு அத்தகைய திட்டம் ஒன்று உண்டா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், நம்மில் பலர் வாய் திறவோம். மாதத் தொடக்கத்தில் ஊதியம் வருகிறது; இருபதாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. எவ்வழியே சென்றது என்று இல்லத்தலைவருக்கும் தெரிவதில்லை, தலைவிக்கும் தெரிவதில்லை. பணம் செலவானதைவிடச் செலவான வழி தெரியாமற் போவதே பெருங்குறை.

இப்பொருளைப் பற்றிப் பேசுகையில், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து மக்களையே மனத்திற்கொண்டு பேசுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் காக்களூரிலும் உள்ள ஆலைகளுக்கு விடியற்காலையிலேயே புகைவண்டியிலும் பேருந்திலும் சென்று உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருவாய் மாதத்திற்கு ஒருமுறை. பொன்னேரிப் பக்கத்து நெல் விவசாயிக்கு வருவாய் அறுவடையின்போது. பழவேற்காட்டு மீனவருக்கோ கூடை நிறைந்து வரும் நாளும் உண்டு. வெறுங்கூடையோடு திரும்பும் நாளும் உண்டு. வருவாய் வரும் முறை வெவ்வேறாயினும், அடுப்பு மூவர் வீட்டிலும் நாள்தோறும் எரிந்தாக வேண்டும் அன்றோ? ஆதலின் திட்டம் மூவர்க்கும் வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. குழந்தையின் பாலைக் குறைத்துப் பணம் சேர்ப்பவன் கருமி. வெறும் அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்திக் குழந்தையின் பாலுக்கு வழி செய்பவன் சிக்கனக்காரன். உலை வெப்பத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியை நோக்கி, "நீ தேநீர் குடிக்காதே" என்று சொல்ல எனக்கு மனம் வராது. குடிக்கட்டும், ஆனால் அதற்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று அறிந்து குடிக்கட்டும். நாளொன்றுக்குத் தேநீருக்கும் வடைக்கும் 30 ரூபாய் என்றால், 26 வேலை நாளுக்கு 780 ரூபாய். ஆண்டிற்கு 9,360 ரூபாய். இந்த எண்ணைக் கண்ட பிறகு அச்செலவை வைத்துக்கொள்வதோ குறைப்பதோ அவரவர் விருப்பம்.

ஆகவே, முதற்படி கணக்கு எழுதுதல். பெரிய பேரேடு எதுவும் வேண்டா. பிள்ளைகள் எழுதி மிச்சமான நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், செலவிட்ட ஒவ்வொரு ரூபாயையும் அன்றிரவே எழுதி வாருங்கள். இக்காலத்தில் கைப்பேசியிலிருந்தே கடைக்காரருக்குப் பணம் செலுத்திவிடுகிறோம். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஏற்படும் தயக்கம் அங்கே ஏற்படுவதில்லை. ஆதலால் எழுதும் பழக்கம் முன்னிலும் இப்போது மிகுதியாக வேண்டப்படுகிறது.

இரண்டாவது படி, சேமிப்பை முதற்செலவாகக் கொள்ளுதல். நம்மில் பெரும்பாலோர் செலவெல்லாம் போக எஞ்சியதைச் சேமிக்க நினைக்கிறோம், எஞ்சுவது ஒன்றுமில்லை. இம்முறையை மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, கணவனும் மனைவியும் உழைத்து மாதம் 18,000 ரூபாய் வீட்டிற்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊதியம் வந்த அன்றே 1,500 ரூபாயை எடுத்து வைத்துவிட்டால், நிற்பது 16,500. இதில் வீட்டு வாடகைக்கு 4,000, மளிகைக்கு 5,000, பாலுக்கும் காய்கறிக்கும் 2,500, மின்சாரத்திற்கும் எரிவாயுவிற்கும் 1,200, பள்ளிக்கும் பயணத்திற்கும் 1,600, எஞ்சிய 2,200 ரூபாயில் மருந்து, கைப்பேசி, மொய், சில்லறைச் செலவு. இந்த எண்கள் எல்லார்க்கும் பொருந்தா. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். 1,500 இயலாதவர் 300 ரூபாயில் தொடங்கலாம். தொகை சிறிதாயிருப்பதில் குற்றமில்லை; மாதம் தவறாதிருப்பதே முக்கியம். நாட்கூலி பெறுவோர் இதனையே நாள்தோறும் செய்யலாம். மீனவர் கூடை நிறைந்த நாளில், கூடை நிறையாத நாளுக்கும் சேர்த்து எடுத்து வைக்கலாம்.

மூன்றாவது, ஆண்டுச் செலவை மாதச் செலவாக்குதல். சூன் மாதத்தில் பள்ளி திறக்கும் என்பதும், ஐப்பசியில் தீபாவளி வரும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் அவை எதிர்பாராமல் வந்துவிட்டவை போல் கடன் தேடி ஓடுகிறோம். சீருடை, புத்தகப்பை, பண்டிகைத் துணி, பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பித்தல் ஆகிய எல்லாவற்றிற்கும் ஆண்டிற்கு 12,000 ரூபாய் ஆகுமெனில், மாதம் 1,000 ரூபாய் தனியே ஒதுங்கியிருக்க வேண்டும். முன்சொன்ன 1,500 ரூபாயில் இதற்கு 1,000 போக, எஞ்சிய 500 ரூபாய் நோய்க்கும் வேலையில்லா நாளுக்குமான காப்புத் தொகை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் யாதெனில், திட்டமில்லாத வீட்டிற்குள் முதலில் நுழைவது கடன். நான் ஆசிரியனாயிருந்தபோது எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்கு நடத்துவதுண்டு. அசல், காலம், வீதம் என்று கரும்பலகையில் எழுதி, அவரவர் வீட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டு வரச் சொல்வேன். ஒரு மாணவன் எழுதி வந்த கணக்கு இது: வாங்கிய கடன் 20,000 ரூபாய், பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய், மாதம் 2,000 வீதம் பதினான்கு மாதம் வட்டி கட்டியாயிற்று. "சார், வாங்கினதைவிட வட்டியே அதிகமா கட்டியாச்சே, கடன் மட்டும் ஏன் சார் அப்படியே இருக்கு?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து அக்கணக்கைப் போட்டோம். பதினான்கு மாதத்தில் கட்டியது 28,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதே 20,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் கட்டியிருந்தால் என்ன ஆகும்? பதினோராம் மாதத்தில் அசலும் வட்டியும் அடியோடு தீர்ந்துவிடும். பையன் அந்தத் தாளை வீட்டிற்கு எடுத்துச் சென்றான். அவன் தாயார் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து வெளிக்கடனை அடைத்தார். பின்னர்ச் சங்கத்துக் கடனையும் கட்டி முடித்துச் சங்கிலியை மீட்டார். வருவாய் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. பணம் போகும் வழிதான் மாறிற்று.

'தண்டல்' என்னும் நாள்வசூல் கடனும் இத்தகையதே. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிடித்தது 1,500 தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கருதிக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும். இத்தகைய கொடுவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் துணை செய்யும்; எனினும் கடன் வாங்கும் தேவையே எழாதவாறு காத்துக்கொள்வது அதனினும் நன்று.

இவ்விடத்தில் எங்கள் மாவட்டத்திற்குரிய ஒரு பெருமையைக் கூற விரும்புகிறேன். உழவர்கள் வட்டிக் கடையில் சிக்கித் தவிப்பதைக் கண்ட சென்னை அரசாங்கம், 1892 ஆம் ஆண்டில் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை நிலவங்கிகளைப் பற்றி ஆராயுமாறு பணித்தது. செர்மனியில் ரைபைசன் என்பவர் சிற்றூர்களில் அமைத்த கடன் சங்கங்களைப் போல் இங்கும் வேண்டும் என்று அவர் அறிக்கை எழுதினார். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதலில் பதிவான சிற்றூர்க் கடன் சங்கம் எது தெரியுமா? இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில், அதே ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் பதிவான சங்கமே. பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். ஒருவர் கடனுக்கு மற்றவர் அனைவரும் பொறுப்பு. அண்டை வீட்டாருக்கு அண்டை வீட்டாரின் நாணயம் தெரியும் என்பதே அதன் அடிப்படை. 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் அதே நம்பிக்கையின் மீது எழுந்தவைதாம். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து, சிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும்போது, தண்டல்காரருக்கு அத்தெருவில் வேலை குறைகிறது.

நிற்க. சேமித்த பணத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் வைத்தால் கை எட்டிவிடும். அஞ்சலகச் சேமிப்பு வங்கி நம் நாட்டில் 1882 முதல் நடந்துவருகிறது. அங்கே மாதம் நூறு ரூபாய் முதல் ஐந்தாண்டுத் தொடர்வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 500 ரூபாய் கட்டினால் அசல் மட்டுமே 30,000 ஆகிறது. வட்டி அதற்கு மேல். வட்டி வீதத்தை மைய அரசு மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிவிக்கும். பன்னிரண்டு தவணை கட்டிய பின் அவசரத் தேவைக்கு, இருப்பில் பாதி வரை கடன் பெறவும் வழியுண்டு.

ஆலைத் தொழிலாளருக்கு வேறொரு சேமிப்பும் உண்டு. அது 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தோன்றிய வருங்கால வைப்பு நிதி. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் தொழிற்பேட்டைகளில் மிகுதியாக உள்ளது. நான் இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொத்தம் பத்தாண்டுப் பணி சேர்ந்தால்தான் முதுமையில் ஓய்வூதியம் கிடைக்கும். இடையில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த பணிக்காலம் கைவிட்டுப் போகும். தொழிலாளி எங்கே மாறினாலும் மாறாத எண் ஒன்று 2014 முதல் அளிக்கப்படுகிறது. அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, பழைய கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிக்காக உடைத்த வைப்பு நிதி, அறுபதாம் வயதில் உங்களைத் தேடி வராது.

சீட்டுப் பிடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். சீட்டு நம் மக்களின் பழைய முறை, நல்ல முறையும்கூட. இருபது பேர் மாதம் ஆயிரம் வீதம் கட்டினால் சீட்டுத் தொகை 20,000. ஒருவர் 4,000 தள்ளி எடுத்தால், நடத்துபவரின் ஊதியமாக 1,000 போக, 3,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 150 வீதம் கழிவாகிறது. ஆனால், பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இச்சீட்டு பதிவு செய்யப்பட்டதா?" 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். கேள்வி கேட்டதற்குச் சினங்கொள்பவரிடம் பணம் கொடாதீர்கள்.

மாதந்தோறும் நூற்றுக்குப் பத்துத் தருகிறோம் என்று ஆசை காட்டுவோர் எக்காலத்திலும் உண்டு. நேர்மையான எந்தத் தொழிலும் ஆண்டிற்கு நூற்றுக்கு நூற்றிருபது ஈட்டி நமக்குத் தர இயலாது. புதிதாக வருபவர் பணத்தைப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்து, வருபவர் நின்றதும் கதவைச் சாத்துவதே அவர்கள் முறை. பதிவும் கட்டுப்பாடும் இல்லாத வைப்புத் திட்டங்களை 2019 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இறுதியாக, இக்கணக்கை ஒருவர் மட்டும் போட்டால் நிலைக்காது. மாத முதல் ஞாயிறன்று கணவன், மனைவி, பெரியவர்கள், வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் அரை மணி நேரம் ஒன்றாக அமருங்கள். நோட்டுப் புத்தகத்தை நடுவில் வையுங்கள். வீட்டின் வருவாய் இன்னது என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும். தெரிந்த பிள்ளை, விலையுயர்ந்த பொருளைக் கேட்டு அடம் பிடிக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கும். ஒரு காலத்தில் பள்ளிகளில் 'சஞ்சயிகா' என்னும் மாணவர் சேமிப்பு வங்கி நடந்தது. வரவுப் பக்கத்தையும் பற்றுப் பக்கத்தையும் மாணவர்களே எழுதினார்கள். ஐந்து ரூபாய்க் கணக்கிலும் தவறு வந்தால் தூக்கம் வராது அவர்களுக்கு. அந்தப் பொறுப்பை இன்று வீட்டில் அவர்களுக்குக் கொடுங்கள்.

அக்டோபர்த் திங்கள் 30 ஆம் நாளை நாம் உலகச் சிக்கன நாளாகக் கொண்டாடுகிறோம். 1924 இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் தோன்றியது அந்நாள். ஆனால் நம் இல்லத்துக்குரிய சிக்கன நாள் அதுவன்று. ஊதியம் கைக்கு வருகின்ற நாளே. வருகின்ற மாதம் அந்நாளில், கடைக்குப் போகுமுன் அஞ்சலகத்திற்குப் போய் வாருங்கள்.