கையை மடக்கினால் காய்ச்சலா?

2003ஆம் ஆண்டு சார்ஸ் பரவியபோது சிங்கப்பூர் மாணவர்களுக்கு ஆளுக்கொரு வெப்பமானி வழங்கப்பட்டது. தினமும் இருமுறை உடல்சூடு பார்த்துக் குறித்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் காய்ச்சல் வந்தால்? அது அந்தக் கருவிக்குத் தெரியாது.

குறைமாதக் குழந்தை விஷயத்தில் இந்த இடைவெளி ஆபத்து. அதன் உடல் சூட்டைச் சரிவரக் காத்துக்கொள்ளாது. தோலோ மிக மெல்லியது; ஒட்டிய பட்டையைப் பிய்த்தால் தோலும் உரியும். ஆகவே, தோலோடு வளைகிற, அடியில் தோல் சிவந்தால் தாதியின் கண்ணுக்குத் தெரிகிற, ஒளிபுகும் உணரிகளை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்.

கைத்தொலைபேசித் திரைகளில் உள்ள இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பூச்சு ஒளியை விடும், மின்சாரத்தையும் கடத்தும். ஆனால் வளைத்தால் அப்பளம்தான்! இங்கேதான் நானோ பொருள்கள் வருகின்றன. 2004ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் இருவரும் பென்சில் கரியான கிராஃபைட்டிலிருந்து சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த கிராஃபீன், ஓர் அணு கனமே உள்ளது. விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டைத்தான் உறிஞ்சும். நொறுங்காமல் வளையும்.

சூடு மாறினால் கிராஃபீனின் மின்தடை மாறும். அதை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். கேட்க எளிது. சிக்கல் என்னவென்றால், இழுத்தாலும் மின்தடை மாறுகிறது. குழந்தை கையை மடக்கியதும் காய்ச்சல் என்று கூவும் கருவியை எந்த மருத்துவர் நம்புவார்?

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கசங்கிய கிராஃபீனையும் வெள்ளி நுண்கம்பிகளையும் ரப்பர் போன்ற பொருளுக்குள் பதித்து, 50 விழுக்காடு வரை நீட்டிச் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். நீளம் கூடக்கூட, சூட்டை உணரும் திறனே மாறியது. அதாவது, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அறியாமல் சூட்டைச் சரியாகச் சொல்ல முடியாது.

அதே ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தாக்காவ் சொமேயா குழு வேறு வழி கண்டது. கிராஃபைட் துகள் கலந்த பாலிமர் ஏடு அது. சூடேறும்போது பாலிமர் விரிய, துகள்கள் விலக, 5 பாகைக்குள்ளேயே மின்தடை பத்து லட்சம் மடங்கு எகிறுகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு முன் வளைவின் குழப்பம் சிறு இரைச்சல்தான். எலியின் நுரையீரல் மீது வைத்து, மூச்சுக்கு மூச்சு மாறும் சூட்டையே அளந்துவிட்டார்கள். ஆனால் கரித்துகள் கலந்த ஏடு கண்ணாடிபோல் இராது. தாதிக்குத் தோல் தெரிய வேண்டுமே!

இன்னொன்று: தோலின் சூடு வேறு, உடலின் உள்சூடு வேறு. குளிர்சாதன அறையில் தோல் முதலில் குளிரும். ஒட்டிய ஏடு தோலைத்தான் அளக்கும். அதிலிருந்து உள்சூட்டைக் கணிக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.