கொடுத்தால் மட்டும் போதுமா?

(வணிகர்கள் மற்றும் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



உலகின் எந்த மூலையில் முஸ்லிம்கள் அடிபட்டாலும் ஜும்ஆ முடிந்ததும் நமது பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. சிறிது நேரத்தில் நிறைந்தும் விடுகிறது. அல்ஹம்துலில்லாஹ்! அள்ளிக் கொடுப்பதில் இந்தச் சமுதாயத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் கொடுத்தது போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்கிறோமா? ரோஹிங்யா மக்களுக்கு நடந்ததை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பர்மாவின் அரக்கான் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் இவர்கள். 1978ல் சுமார் இரண்டு லட்சம் பேர் விரட்டப்பட்டார்கள். 1991-92ல் மீண்டும் இரண்டரை லட்சம் பேர். இடையில் 1982ல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. 2014ல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது 'நான் ரோஹிங்யா' என்று சொன்னவரைக் கணக்கில் எழுத மறுத்தார்கள். முதலில் ஏட்டிலிருந்து அடித்தார்கள், பிறகு ஊரிலிருந்து அடித்தார்கள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள்.

அந்த முதல் வாரங்களில் பங்களாதேஷின் சாதாரண மக்கள் செய்த தியாகம் மறக்க முடியாதது. சொந்த வண்டியில், சொந்தக் காசில், அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கே இறக்குவது, யாரிடம் கொடுப்பது? தெரியாது! சாலையிலேயே நின்று லாரியின் மேலிருந்து வீசினார்கள். செப்டம்பர் நடுவில் பாலுகாலி அருகே அப்படித் துணி வீசப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் மிதிபட்டு இறந்தார்கள். பர்மிய ராணுவத்தின் துப்பாக்கிக்குத் தப்பி, ஆற்றைக் கடந்து வந்தவர்கள், ஸதகா லாரியின் அடியில் செத்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கொடுத்தவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான். 2004ல் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததே, நினைவிருக்கிறதா?

லாரியில் இருந்து வீசினால் யார் பிடிப்பார்கள்? உடம்பில் வலு உள்ள இளைஞன் பிடிப்பான். கணவனைப் பறிகொடுத்து, கையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று நிற்கும் பெண் பிடிப்பாளா? அந்தக் கூட்டத்துக்குள்ளேயே, வேலை தருகிறேன், நிக்காஹ் செய்து வைக்கிறேன் என்று பெண்பிள்ளைகளைக் கடத்தும் தரகர்களும் புகுந்து விடுகிறார்கள். உதவிக்கு வந்தவன் யார், தரகன் யார் என்று எப்படித் தெரியும்?

செப்டம்பர் இறுதியில்தான் ராணுவம் இறக்கப்பட்டு விநியோகம் ஒழுங்குக்கு வந்தது. ஐ.நா. அமைப்புகளும் உள்ளூர், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொறுப்பைப் பிரித்துக் கொண்டன. உணவு ஒருவர், தண்ணீர் ஒருவர், மருத்துவம் ஒருவர், பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு ஒருவர். குடும்பத்துக்கு ஓர் அட்டை. கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு. இது சின்ன விஷயமா? விளக்கில்லாத முகாமில் ஒரு பெண் இரவு முழுவதும் அடக்கிக்கொண்டு கிடக்கிறாள், சகோதரர்களே! பல ஆண்டுகளாக அங்கேயே அகதியாக இருந்த ஒரு மனிதர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லியே நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தாய்மாரிடம் சேர்த்தார்.

வணிகர்களுக்கு இது புதிதல்ல. பாதிக்கு மேல் இது கணக்குப்பிள்ளை வேலை. சரக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யார் கையெழுத்து? கடையில் நாலணாவுக்குக் கணக்கு எழுதும் நாம், அல்லாஹ்வின் பாதையில் கொடுக்கும் லட்சத்துக்கு எழுதுவதில்லை! குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம். உமர் (ரலி) அவர்கள் திவான் என்ற பதிவேட்டை ஏற்படுத்தி, பெயர் எழுதித்தான் மக்களுக்குப் பங்கிட்டார்கள்.

"நான் கொடுக்கும் காசில் அலுவலகச் செலவா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அதை வசூலித்து நிர்வகிப்பவரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறானே! அளவு மீறினால் கேளுங்கள், தணிக்கை கேளுங்கள். செலவே கூடாது என்பது மார்க்கமும் அல்ல, வியாபாரமும் அல்ல.

ஆனால் இந்த ஏட்டிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2018லிருந்து பங்களாதேஷ் அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து கைரேகையோடு பதிவு செய்தன. அந்த விவரங்கள் பர்மா அரசுக்கே அனுப்பப்பட்டன, அகதிகளிடம் முறையாகச் சம்மதம் பெறவில்லை என்று 2021ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் குற்றம் சாட்டியது. தனியாகச் சம்மதம் கேட்டோம் என்று ஆணையம் மறுத்தது. ரேஷன் அட்டைக்காக வரிசையில் நிற்கும் பசித்தவனிடம் கேட்கும் சம்மதம் என்ன சம்மதம்? யாரிடமிருந்து தப்பி வந்தானோ அவன் கைக்கே பெயர்ப் பட்டியல் போகலாமா? ஏடு ஓர் அமானத். நிவாரணம் வாங்கும் ஏழையின் முகத்தைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டும் நம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. 2023 மே 14ல் மோக்கா புயல் வந்தது. முகாம்களில் அகதிகளுக்கே பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கியிருந்தார்கள். 1970 புயலில் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த பின் பங்களாதேஷ் ஏற்படுத்திய முறை அது. கொடி ஏற்றுவார்கள், கொடியின் எண்ணிக்கை கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று பொருள். வீடு வீடாகப் போய் முதியவரைத் தூக்கி வருவார்கள். குடிசைகள் பறந்தன. முகாம்களில் உயிர்ச்சேதம் இல்லை. எல்லைக்கு அப்பால் அரக்கானில், வெளியேற அனுமதியின்றி அடைக்கப்பட்டிருந்த அதே மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக ராணுவ அரசே கணக்குச் சொன்னது. புயலின் நடுப்பகுதி அந்தப் பக்கம் போனது உண்மைதான். ஆனாலும் நினைத்துப் பாருங்கள்!

ஆகவே இந்த மேடையிலிருந்து நிதி கேட்கப் போவதில்லை. அடுத்த வெள்ளம் வருமுன் நம் முஹல்லாவில் படுக்கையில் கிடப்பவர் யார், தனியாக வாழும் பெண்கள் யார், மார்க்கம் பாராமல் அக்கம்பக்கத்தில் உதவி தேவைப்படுபவர் யார் என்று எழுத வேண்டும். எழுதிய ஏட்டைப் பூட்டி வைக்கவும் ஆள் வேண்டும். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், கணக்குத் தெரிந்த ஒரு வணிகர், வீட்டுக்குள் போய்ப் பேச நம் சகோதரிகளில் இருவர். அஸர் தொழுகைக்குப் பின் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.