பருந்தின் கணக்கும் பாட்டாளியின் கணக்கும்

மீனம்பாக்கத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு எவ்வளவு தொலைவு? முன்னது சென்னையின் விமான நிலையம். பின்னது திருப்பதியின் விமான நிலையம். வரைபடத்தை விரித்து, இரண்டுக்கும் இடையே நேர்கோடு இழுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். அந்தக் கோடு எவர் தலைக்கு மேலே செல்கிறது தெரியுமா? நமது தலைக்கு மேலேதான்! திருவள்ளூர் மாவட்டத்தின் பூண்டி ஏரிக்கு வடக்கே, ஊத்துக்கோட்டை ஓரமாகச் செல்கிறது.

மணிக்கு 800 கிலோ மீட்டர் பறக்கும் விமானத்துக்கு இது எம்மாத்திரம்? ஏழரை நிமிடம் என்கிறது வகுத்தல் கணக்கு. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனினும் அந்த வகுத்தல் எனக்கும் வரும். ஆனால் விமானி சிரிப்பார். "ஐயா, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும், உயர வேண்டும், முழு வேகம் எட்டுமுன்பே இறங்கத் தொடங்க வேண்டும், காற்றின் திசை பார்த்து வளைந்து, இறங்குபாதைக்கு நேராக வரவேண்டும். ஏழரை நிமிடமாவது! அரை மணியேனும் கொடுங்கள்" என்பார்.

தொலைவு வேறு, நேரம் வேறு, தோழர்களே! பாதைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. வானத்திலே கண்ட இந்த உண்மையை மண்ணுக்குக் கொண்டு வருவோம்.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் இரவு வேலை முடித்து வெளிவருகிறான் ஒரு தொழிலாளி. கண்ணிலே உறக்கம், காலிலே ரப்பர் செருப்பு, கையிலே, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய மனு. 

"திருவள்ளூர் எவ்வளவு தூரம்?" என்று பருந்தைக் கேட்கிறான். 

"நாற்பது கிலோ மீட்டருக்கும் குறைவு" என்கிறது பருந்து. 

தண்டவாளத்தைக் கேட்கிறான். "என் வழியே வந்தால் எண்பதுக்கும் மேல்" என்கிறது அது!

ஏன் இந்த விந்தை? கூடூர்ப் பாதையிலே கும்மிடிப்பூண்டி. அரக்கோணம் பாதையிலே திருவள்ளூர். இரண்டும் பேசின் பிரிட்ஜில்தான் கைகுலுக்குகின்றன. ஒரே மாவட்டத்தின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல, மாவட்டத்தை விட்டு வெளியேறிச் சென்னையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். 1997இல் மாவட்டம் பிறந்தது. அதன் தலைநகரையும் தொழில் நகரையும் நேராக இணைக்கும் தண்டவாளம் பிறக்கவில்லை! பெரியபாளையம் வழியே சாலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேருந்துக்குக் காத்து, நெரிசலில் நின்று, மனுக் கொடுத்து மீள்வதற்குள், அடுத்த இரவு வேலைக்கு வேண்டிய உறக்கம் பறிபோகிறதே! அந்த இழப்பை எந்தக் கால அட்டவணையில் எழுதுவது?

2017இல் 'உடான்' திட்டத்தைத் தொடங்கிய பிரதமர் மோடி, ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்கவேண்டும் என்றார். ஒரு மணி நேரப் பறப்புக்கு, குறிப்பிட்ட இருக்கைகளுக்கு, 2,500 ரூபாய் என்று வரம்பும் வைத்தனர். நல்லதுதான்! வானம் எவருக்கும் தனியுடைமை அல்ல. ஆனால் நம் தொழிலாளி மீனம்பாக்கத்தின் வாயிலை மிதிக்கவே, மாநகரை வடக்கிலிருந்து தெற்கே கடந்தாக வேண்டும். பறப்பது ஒரு மணி. பறக்கப் போவதற்கு அதைவிட அதிகம்!

விமானத்தை வெறுப்பவன் அல்லேன் நான். வேகத்தை விமானத்துக்குள்ளே மட்டும் அளக்காதீர், வீட்டு வாசலிலிருந்து அளந்திடுவீர் என்கிறேன். பருந்துக்கு நேர்வழி இயற்கை தந்தது. பாட்டாளிக்கு நேர்வழி அரசுதான் தரவேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், சேர்ந்து கேட்போம், வாரீர்!