பெரிய பலகை, இடமில்லாத வகுப்பறை

(மதுரை மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். எங்கள் ஆய்வகத்தில், நானே ஜாவாவில் எழுதிய தேர்வுச் செயலி ஒன்று டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. கணினி பழையது, நினைவகம் 4 ஜிபி. தரவுத்தளமும் அதிலேயேதான்.

ஒருநாள் 11ஆம் வகுப்பின் முதல் பிரிவு, 40 பேர், சிக்கலின்றித் தேர்வு எழுதினர். அடுத்த பிரிவு தொடங்கிய பத்தாம் நிமிடம், நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு சர்வர் நின்றுவிட்டது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் கணினி நினைவகத்தில் கால் பங்கை மட்டுமே ஜாவா தன் ஹீப்புக்கு உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். அதாவது, எங்களுக்கு 1 ஜிபி. நான் எக்ஸ்எம்எக்ஸ் அமைப்பை 3.5 ஜிபி என்று மாற்றினேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். பிழைச் செய்தி வரவில்லை. ஆனால் திரைகள் நிமிடக் கணக்கில் உறைந்தன. 32 வினாக்களுக்கு விடையளித்திருந்த ஒரு மாணவி, "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா சார்?" என்று கேட்டாள். அவள் விடைகள் எதுவும் சேமிப்பில் ஏறவில்லை.

ஹீப் என்பதைக் கரும்பலகையாக நினைத்துப் பாருங்கள். பலகை நிறைந்தால், தேவையற்றதை அழிக்க வேண்டும். அழிக்கும் நேரத்தில் பாடம் நிற்கும். இதுதான் குப்பை சேகரிப்பு. பலகை பெரிதானால் ஜாவா அவசரப்பட்டு அழிக்காது, எழுதிக்கொண்டே போகும். நான் வைத்த பலகையோ வகுப்பறை அளவுக்கு இருந்தது. இயங்குதளமும் தரவுத்தளமும் உட்கார இடமில்லாமல், நினைவகத்தின் பக்கங்கள் வன்தட்டுக்குப் போயின. அழிக்க வரும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வன்தட்டிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். உறைந்தது அதனால்தான்.

புதுக் கணினி கேட்டு விண்ணப்பம்கூட எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பவில்லை. குப்பை சேகரிப்பின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் அழிக்கும் முன் இருந்த அளவு, அழித்த பின் எஞ்சிய அளவு, மொத்த அளவு இருக்கும். நாம் பார்க்க வேண்டியது நடு எண். எங்கள் பதிவில் அது ஏறிக்கொண்டே போனது. காரணம் என் நிரல்தான்: வினாப் படங்களை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பிரதியாக வைத்திருந்தேன். வெளியேறாமல் உலாவியை மூடிவிட்டால், டாம்கேட் அந்த அமர்வை வழக்கமாக 30 நிமிடம் வைத்திருக்கும். முதல் பிரிவின் படங்கள் இரண்டாம் பிரிவின் தலையில் உட்கார்ந்திருந்தன. எல்லோருக்கும் ஒரே பிரதி என்று மாற்றினேன். இப்போது பழைய 1 ஜிபியே தாராளம்.

இன்னொன்று. கிளையன்ட், சர்வர் என ஜாவாவுக்கு இரு முறைகள் உண்டு. முன்னது சீக்கிரம் கிளம்பும். பின்னது மெதுவாகத் தொடங்கி, அடிக்கடி ஓடும் பகுதிகளைக் கவனித்து வேகமாக்கும். ஜாவா 8 முதல் இரண்டும் கலந்தே ஓடுகின்றன. 64 பிட் கணினியில் கிளையன்ட் என்று கேட்டாலும் ஜாவா பொருட்படுத்தாது. ஆகவே காலை முதல் தேர்வு சற்று மந்தமாகத்தான் இருக்கும். மணி அடிக்கும் முன் இரண்டு மாணவர்களை மாதிரித் தேர்வு எழுத வைத்துவிடுகிறேன்.

அந்தப் பதிவுக் கோப்பை இப்போது திரையில் காட்டுகிறேன். நடு எண்ணைக் கவனியுங்கள்.