கையடக்க ஒளிப்படக் கருவி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற தைத்திங்களில் இதே மேடையில், நம் குடியிருப்பின் மூத்த அம்மையார் ஒருவர் குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கிவைத்தார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தாறு. அக்காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்தோர் பலர். அவருள் நாங்கள் மூவரும் உண்டு. சித்திரையில் அவ்வம்மையார் மறைந்தார். மாலையிட்டு வைக்க நல்ல படம் ஒன்று வேண்டுமென்று அவர்தம் மக்கள் கேட்டபோது, எங்களிடமிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். விளக்கின் சுடர் வெள்ளைக் கறையாய் நின்றது. முகமோ கலங்கிக் கிடந்தது. கொடுப்பதற்கு ஒரு படமும் தேறவில்லை. அந்த வெட்கமே இவ்வாய்வுக்குக் காரணம்.

சங்கத்திற்கென ஒரு கேமரா வாங்கலாமா, வாங்கினால் எத்தகையது வாங்குவது என்று ஆராயுமாறு செயற்குழு எங்களைப் பணித்தது. பெரிய கருவிகள் சிறந்தவையே. ஆயினும், சுமையென்று கருதிப் பெட்டியில் உறங்கும் கருவி யாருக்குப் பயன்படும்? ஆகவே, சட்டைப் பையில் அடங்குவனவும், ஒளியையும் வேகத்தையும் நம் விருப்பப்படி அமைக்க இடந்தருவனவுமான உயர்தரக் கையடக்கக் கருவிகளை நோக்கினோம். 2012இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 என்னும் கருவியை உறுப்பினர் ஒருவர் இரவலாகத் தந்தார். மின்கலத்துடன் அதன் எடை 240 கிராம்.

கடைக்குச் சென்றால் 'எத்தனை மெகாபிக்சல்' என்பதே முதற் பேச்சாக இருக்கும். அதில் மயங்க வேண்டா. கேனன் நிறுவனம் 2008இல் ஜி10 என்னும் கருவியை 14.7 மெகாபிக்சலுடன் வெளியிட்டது. மறு ஆண்டு வந்த ஜி11 கருவியிலோ அதனைப் பத்தாகக் குறைத்தது! மங்கிய ஒளியில் படம் தெளிவாக அமைய வேண்டும் என்பதே நோக்கம். சிறு முற்றத்தில் நூறு குடங்களை நெருக்கி வைத்தால் ஒவ்வொரு குடத்திலும் விழும் மழைநீர் குறைவுதானே? ஒளியும் அத்தகையதே.

ஆதலின், முற்றத்தின் அளவையே முதலில் கேட்க வேண்டும். ஒளியை ஏற்கும் உணரி, எளிய கையடக்கக் கருவிகள் பலவற்றில் ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். நாங்கள் ஆராய்ந்த கருவியில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது 116 சதுர மில்லிமீட்டர், நான்கு மடங்கு. பழைய பிலிம் சுருளின் கட்டமோ 864. எனவே இக்கருவி இடைநிலையில் நிற்கிறது.

அடுத்துக் கேட்க வேண்டியது வில்லையின் துளையளவு. அகன்ற காட்சியில் இதன் எண் 1.8, தொலைவை அருகிழுத்தால் 4.9. எண் ஏற ஏற ஒளி குறையும். இவ்விரண்டிற்கும் இடையே ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிறது. மாலை விழாக்களில் இருந்த இடத்திலிருந்து அருகிழுக்காமல், நாமே நாலடி முன்னே செல்ல வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மூவகையாகச் சோதித்தோம். ஆகஸ்டு மாத மலர்க் காட்சியின்போது லால்பாக்கில், 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையின் முன் நின்று எடுத்தோம். மலர்களின் நிறம் மனநிறைவளித்தது. ஆனால் இக்கருவியில் கண்வைத்துப் பார்க்கும் துளை இல்லை. உச்சி வெயிலில் திரையைக் கையால் மறைத்தே பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்து, குடியிருப்புப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம். இருபது படங்களில் நான்கே தேறின. குற்றம் பெரிதும் எங்கள் கையினதே. மூன்றாவது, கார்த்திகைத் தீபம். அகல் வரிசையின் அருகே ஒரு பாட்டியாரை அமரச் செய்து, ஒளிவீச்சு விளக்கின்றி எடுத்தோம். நெற்றிச் சுருக்கமும் மூக்குத்தியின் பொலிவும் தெளிவாய் விழுந்தன. அப்படத்தைக் கண்டு நாங்கள் மூவரும் சற்று நேரம் பேசவில்லை.

எங்கள் முடிவு இது. வெயிலில் எடுத்துக் கைப்பேசியில் மட்டும் பார்ப்போருக்குத் தனிக் கருவி வேண்டுவதில்லை. விளக்கொளியில் எடுத்து, அச்சிட்டுச் சுவரில் மாட்ட விழைவோருக்கு இத்தகைய கருவி தகும். பறவையும் விலங்கும் எடுக்க விரும்புவோருக்கு இது போதாது. தஞ்சையிற் பிறந்து, இந்நகரில் வாழ்ந்து, 2017இல் மறைந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் அவர்களின் படங்களைக் கண்டோர், அக்கலைக்குக் கருவியினும் பொறுமையே முதல் என அறிவர்.

சங்கத்திற்கு இவ்வகைக் கருவி ஒன்று வாங்கலாம் எனப் பரிந்துரைக்கிறோம். ஆனால் கருவி வாங்குவதோடு கடமை முடியாது. அடுத்த பொங்கலுக்குள் நம் முதியோர் ஒவ்வொருவரையும் படமெடுத்து, பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதி, ஒரு படி இல்லத்திற்கும் ஒரு படி சங்க நூலகத்திற்கும் தர வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, நம் பேரப்பிள்ளைகளிடம் காட்ட முகங்களேனும் எஞ்ச வேண்டாவா?

உங்கள் இல்லத்துப் பெரியோரை வரும் ஞாயிறு மாலை விளக்கேற்றும் வேளையில் அழைத்து வாருங்கள். இரவல் கருவி இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது.